இரண்டாவது பாஸ்வேட்

கொடுக்கிற மனிதரைக் கண்டால் சனத்துக்குக் கும்பிடத் தோன்றும். எனக்கு ஒரேயொரு மனிதர் கொடுப்பதைப் பார்த்து வயிற்றைக் குமட்டியிருக்கிறது. அவர் என் பக்கத்து வீட்டுக்காரர்.

அவருடைய பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அதையும் தனக்குச் செய்த மரியாதை என்று நாலு பேருக்குக் காட்டுவார். ஊர் அவரைத் தலைவர் என்று கூப்பிட்டது. எதற்குத் தலைவர் என்று ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் பகுதியில் ஒரு கூட்டம் கூடினால் முன் கதிரையில் அவர் இருப்பார். ஏதோ ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். வெள்ளைச் சேட்டு, பொக்கற்றில் இரண்டு பேனை. அந்தப் பேனைகளும் யாரிடமோ வாங்கித் திருப்பிக் கொடுக்காதவை என்றுதான் நினைக்கிறேன்.

என்னைப் பற்றி நானே சொல்லவேண்டும், வேறு யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். நாலாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஒட்டுசுட்டான் பக்கத்து வயல்களில் நெல் வாங்கி, சைக்கிள் கரியரில் மூட்டையைக் கட்டி, காட்டுப் பாதையால் மிதித்துக்கொண்டு வந்து விற்றவன். யானை மறித்த இடத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி, யானை போனபின் திரும்பி வந்து சிந்திய நெல்லைப் பொறுக்கினவன். இன்று பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகிற றோட்டில் என்னுடைய அரிசி மில்லைத் தெரியாத லொறிக்காரன் கிடையாது. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது அங்கே ஒரு சுவர் மட்டும் நின்றது. அந்தச் சுவரில் சாய்ந்து ஒருநாள் முழுக்க இருந்தேன். அடுத்த நாள் மண்வெட்டியை எடுத்தேன். யாரும் எனக்குத் தரவில்லை. தந்ததாக யாராவது சொன்னால் என் முகத்துக்கு நேரே வந்து சொல்லட்டும்.

தலைவர் காலையில் பல்லுத் தீட்டியதும் முதலில் வருகிற இடம் என் மில். வந்ததும் குவித்திருக்கிற அரிசியில் கையை விடுவார். உள்ளங்கை நிறைய அள்ளி வாயில் போடுவார். மென்றுகொண்டே கதைப்பார். கதைக்கக் கதைக்க வெள்ளைப் பால் கடைவாயால் இறங்கும். அதைப் புறங்கையால் துடைத்துவிட்டு, அதே கையைத் திரும்பவும் குவியலுக்குள் விடுவார். "எங்கட அரிசி இந்தப் போகம் நல்ல இனிப்பு, முதலாளி" என்பார். எங்கட அரிசி! நெல் என்னுடையது, கரண்ட் பில் என்னுடையது, எச்சில் மட்டும்தான் அவருடையது. அவர் போனபிறகு அந்த இடத்தில் இருக்கிற அரிசியைத் தனியாக அள்ளிக் கோழிக்குப் போடச் சொல்லுவேன்.

ஒருமுறை கோயில் பக்கத்தில் இருந்து ஒருவர் வந்து என்னுடைய நீள ஏணியைத் தூக்கினார். "எங்கை கொண்டு போறீர்?" என்று கேட்டேன். "தலைவர் தந்தவர்" என்றார். ஏணி திரும்பி வந்தது, ஒரு படி முறிந்து. அந்த மனிதர் என் வாசலால் நேரே போய், வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற தலைவருக்கு ஒரு சீப்பு கதலி வாழைப்பழம் கொடுத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். தலைவர் அதில் இரண்டு பழத்தைப் பிய்த்து வேலியால் எனக்கு நீட்டினார்.

"இந்தாங்கோ முதலாளி, சாப்பிடுங்கோ. நாங்கள் குடுத்தால்தானே எங்களுக்கும் வரும்."

நான் வாங்கவில்லை. என் மனைவி வாங்கினா. அவா வாங்கினதற்கும் சேர்த்து அன்றைக்கு எனக்குக் கோபம்.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். முகாமில் பிடித்தது. முள்ளுக்கம்பிக்குள் நாங்கள் எல்லாரும் தகரக் கோப்பையோடு வரிசையில் நின்ற காலத்தில், நிவாரணம் பங்கிடுகிற இடத்தில் அவர் எப்படியோ மேசைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். சோற்றுப் பார்சலை அனுப்பியவர்கள் எங்கேயோ இருந்தார்கள். அவித்தவர்கள் வேறு எங்கேயோ இருந்தார்கள். எங்கள் கையில் வைத்தது அவருடைய கை. பசியில் இருக்கிற சனம் கையைத்தான் கும்பிடும். நானும் கும்பிட்டேன். கூரைக்குப் போட ஒரு தறப்பாளுக்காக அவர் முன்னால் தலையைக் குனிந்து நின்றேன். அவர் என் தோளைத் தட்டி, "எங்கட சனம் கஷ்டப்படக் கூடாது" என்றார். அந்தத் தட்டு இன்னும் என் தோளில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது, கழுவப் போகவில்லை. முகாம் கலைந்தது. எல்லாரும் கோப்பையை எறிந்துவிட்டு வந்தோம். அவர் மட்டும் மேசையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார்.

இனி இன்டர்நெட் கதைக்கு வருகிறேன்.

என் மகள் வதனி கணக்கியல் படித்தவள். நான் கையெழுத்துப் போடவே பேனையை இறுக்கிப் பிடிக்கிறவன், எனக்கு அப்படி ஒரு பிள்ளை. கடைசிச் சண்டையில் செல் குண்டு விழுந்து அவளுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் காலோடுதான் கம்பஸ் போய்ப் படித்து முடித்தாள். கொழும்பில் அறை எடுத்து, பஸ்ஸில் ஏறி இறங்கி வேலைக்குப் போவது அவளுக்கு ஏலாது. வீட்டில் இருந்தே கொம்பியூட்டரில் கணக்குப் பார்க்கிற வேலை கொழும்புக் கொம்பனிகளில் இருக்கிறது என்றாள். அதற்கு இன்டர்நெட் லைன் வேண்டும். எடுத்தேன். எங்கள் பகுதியில் முதலில் எடுத்தவன் நான்தான், அதையும் சொல்லவேண்டும்.

லைன் மில் கந்தோருக்கு வந்தது. அங்கே பில் போடுகிற கொம்பியூட்டர் ஒன்று இருந்தது. வதனியின் லப்டொப் கொம்பியூட்டர் பின்னால் வீட்டில். நடுவில் நெல் காயப்போடுகிற முற்றம், லொறி திரும்புகிற இடம். வயர் இழுத்தால் முதல் லொறியே அறுத்துவிடும். வயர் இல்லாமல் இரண்டு கொம்பியூட்டருக்கும் பிரித்து விடலாமாம், அதற்கு ஒரு சின்னப் பெட்டி, ரவுட்டர். லைன் கொம்பனிப் பொடியன் அதை வைத்துவிட்டுப் போகிற நேரம் பார்த்துத் தலைவர் வந்தார். வதனி அன்றைக்குக் காலுக்கு அளவெடுக்க வவுனியாவுக்குப் போயிருந்தாள்.

"விடுங்கோ, நான் செய்யிறன். கந்தோரில இதுகளோட கிடந்தவன்தானே" என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். வாயில் அரிசி. என்னவோ தட்டினார், என்னவோ மாற்றினார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் றோட்டுப் பக்க யன்னல் கட்டில் வைத்தார்.

"ஏன் அங்கை? வீடு பின்னாலயெல்லோ இருக்கு?" என்றேன்.

"நடுவில வைச்சால்தான் முதலாளி எல்லாருக்கும் ஒரேயளவு போகும்."

நாலாம் வகுப்புக்காரன், நான் தலையாட்டினேன். அவருடைய வீட்டுக் குசினி யன்னல் அந்த யன்னலுக்கு நேரே இருக்கிறது என்பது பிறகுதான் விளங்கியது. வதனியின் அறையில் சிக்னல் ஒரு கோடு காட்டியது. அவருடைய குசினியில் மூன்று கோடு.

ஒரு கிழமையில் என் மதிலோரம் மோட்டார்சைக்கிள்கள் நிற்கத் தொடங்கின. பின்னேரமானால் வரிசை. எல்லாரும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். முல்லைத்தீவில் இருந்து வானில் உடுப்புக் கொண்டுவந்து விற்கிற முஸ்லிம் வியாபாரி ஒருவர், எனக்கு நெடுநாள் பழக்கம், அவரும் வானை நிறுத்தி வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன காக்கா, ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்?" என்றேன்.

"சரக்குப் படம் அனுப்புறன் முதலாளி. இந்த இடத்துலதான் சும்மா கிடைக்குது. தலைவர்தான் பாஸ்வேட் தந்தாரு. என்னா மனுசன்! ஊருக்கே விட்டிருக்கிறாரு."

போனைத் திருப்பிக் காட்டினார். ஆங்கில எழுத்து. எனக்கு அது எறும்பு ஊர்கிற மாதிரி. வதனியைக் கூப்பிட்டேன். அவள் போனை வாங்கி வாசித்தாள்.

"அப்பா, எங்கட லைனுக்கு அவர் தன்ரை பேரை வைச்சிருக்கிறார். 'தலைவர் வீடு' எண்டு கிடக்கு."

என் மில்லைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு போனிலும், என் கரண்டில், என் லைனில், அவர் வீட்டுப் பெயர் எரிகிறது. எனக்கு அந்த நேரம் வாயில் புளித் தண்ணி ஊறியது, சத்தி வருவதற்கு முன்னால் வருமே, அது.

பெயரையும் பாஸ்வேட்டையும் மாற்றச் சொன்னேன். வதனி சிரித்தாள், சந்தோசச் சிரிப்பு இல்லை.

"இதுக்கு இரண்டு பாஸ்வேட் இருக்கப்பா. ஒண்டு லைனுக்குள்ள போறதுக்கு. மற்றது பெட்டிக்குள்ள போய் எல்லாத்தையும் மாத்துறதுக்கு. முதலாவதை ஊருக்கே குடுத்திட்டார். இரண்டாவது அவரிட்ட மட்டும்தான் இருக்கு."

"பெட்டியின்ரை ஓட்டைக்குள்ள ஊசியால குத்தி எல்லாத்தையும் அழிக்கலாமெண்டு மில்லில ஒருத்தன் சொன்னானே?"

"அழிச்சால் கொம்பனி போட்ட கணக்கும் சேர்ந்து அழியும். அவங்கள் திரும்ப வந்து போடும்வரைக்கும் எங்களுக்கும் லைன் இல்லை."

தலைவரிடம் கேட்டேன். "தாறன் முதலாளி" என்றார். இன்னொருநாள் கேட்டேன், "எழுதி வைச்ச துண்டைத் தேடுறன்" என்றார். லைன் கொம்பனிக்காரனுக்குப் போன் அடித்தேன், "அடுத்த கிழமை" என்றான். ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்த மனிதர், சொந்தக்காரனுக்கு ஒன்றைக் கொடுக்க மாட்டேன் என்கிறார். யோசித்துப் பாருங்கள். இரண்டாவதைக் கொடுத்தால் பிறகு முதலாவதை அவர் கொடுக்க முடியாது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து எழும்பவேண்டி வரும்.

இப்படி இருக்க, வதனிக்குக் கொழும்புக் கொம்பனி ஒன்றில் இருந்து இன்டர்வியூ வந்தது. கொம்பியூட்டரில் முகம் பார்த்துக் கதைக்கிற இன்டர்வியூ, காலை பத்து மணிக்கு. அவள் மூன்று நாலு இடத்துக்கு எழுதிப்போட்டு, திரும்பக் கூப்பிட்டது இது ஒன்றுதான். "இதுவும் இல்லையெண்டால் உங்கட மில்லில பில் போட்டுக்கொண்டு இருக்கிறன் அப்பா" என்று சொன்னாள். அவள் பகிடியாகத்தான் சொன்னாள். எனக்கு அது பகிடியாகப் படவில்லை. நான் மில்லை உயர்த்தியது அவள் அதற்குள் அடைந்து கிடக்கவா?

அன்றைக்கென்று பார்த்து, பெரியபிள்ளையான தலைவரின் பேத்திக்குச் சாமத்தியவீடு. விடிய முதலே லவுட்ஸ்பீக்கர். நான் அவள் கதைக்கும்போது சத்தம் இருக்கக் கூடாது என்று மில்லை நிறுத்தினேன். நெல்லோடு வந்த லொறிகளைத் திருப்பி அனுப்பினேன். மில்லை நிறுத்துவது என் வழக்கம் இல்லை, என் தாய் செத்த அன்றுகூட மத்தியானத்துக்குப் பிறகு ஓடியது.

பத்து மணிக்கு வதனி தன் அறையில் இருந்து கதைக்கத் தொடங்கினாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். இரண்டு மூன்று வசனம் போயிருக்கும். பிறகு அவள் "ஹலோ, ஹலோ" என்கிறாள். எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு பெரிய மனிதர் வாயைத் திறந்தபடி கல்லாகிப் போய் இருக்கிறார். கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு கந்தோருக்கு ஓடினாள், அந்தக் காலோடு முற்றத்து நெல்லுக்கு மேலால். அங்கேயும் அதே கல் மனிதர்.

"கோடெல்லாம் நிறையக் காட்டுது அப்பா. வாய்க்கால் வாசல் திறந்திருக்கு, தண்ணியை மேல்வயல்காரன் மறிச்சுப்போட்டான். அங்கை சாமத்தியவீட்டைக் கனடாவுக்கு லைவ் விடுகினம். எங்கட லைனில."

போன் வந்தது. கொழும்பில் இருந்துதான். அரை மணித்தியாலம் பொறுப்பார்களாம். அதற்குள் சரிவராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்களாம். வதனி போனை வைத்துவிட்டு யன்னலில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். பெட்டியின் வயரைப் பிடுங்கலாம்தான். பிடுங்கினால் தலைவரும் போவார், அவளும் போவாள்.

நான் வேலியைச் சுற்றிக்கூடப் போகவில்லை, வேலி பிரிந்திருந்த பொட்டுக்குள்ளால் புகுந்து போனேன். பந்தலுக்குள் சனம். தலைவர் பட்டு வேட்டியும் சால்வையுமாகக் கமராக்காரனுக்குப் பக்கத்தில் நின்று, எங்கே பிடி என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார். வாயில் பலகாரம்.

"வாங்கோ முதலாளி, வாங்கோ! சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்."

"சாப்பாடு கிடக்கட்டும். அந்த இரண்டாவது பாஸ்வேட்டைச் சொல்லும். பிள்ளைக்கு இன்டர்வியூ நடக்குது."

"இப்பவோ?" குரலைத் தாழ்த்தினார். "இப்பதான் எங்கட பிள்ளைக்குத் தண்ணி வார்க்கப் போகினம். கனடாவில சனம் நித்திரை முழிச்சுப் பாத்துக்கொண்டிருக்கு. இந்த நேரத்தில நிப்பாட்டினால் அந்தப் பிள்ளைக்குக் கூடாது."

"என்ரை பிள்ளைக்கு?"

"வதனிக்கு இன்னொரு இன்டர்வியூ வரும் முதலாளி. கொழும்பில கொம்பனி இல்லாமல் போயிட்டுதே? இல்லாட்டி ஒண்டு செய்யுங்கோ. அவவை இஞ்சை வந்து எங்கட குசினியில இருந்து கதைக்கச் சொல்லுங்கோ. எங்கட வீட்டில நல்லா இழுக்கும்."

"அது என்ரை லைன்!"

பக்கத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் என் தோளில் கையைப் போட்டார், அதே தட்டு, அதே இடம். "முதலாளி, அதை ஆரும் கண்டபடி மாத்தக் கூடாது. பாஸ்வேட்டை நான் கவனமா வைச்சிருக்கிறதே அதுக்குத்தான். அது பொதுச் சொத்து."

பொதுச் சொத்தாம். பலகாரத் துணிக்கை ஒன்று அவர் உதட்டில் இருந்து பறந்து என் சேட்டில் விழுந்தது. நான் அதைத் தட்டிவிட்டுத் திரும்பினேன்.

படித்தவன் என்றால் அந்த இடத்தில் முறைப்பாடு எழுதியிருப்பான். நான் பரல் எடுத்தேன். நெல் அவிக்கிறதற்குப் பழைய இரும்பு எண்ணெய்ப் பரல்களைப் பாதியாக வெட்டி வைத்திருந்தோம். என் போனை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் யார் எடுத்தாலும் அடிக்காது, அது எனக்கு அனுபவம். காற்றில் போகிறது இரும்பைத் தாண்டாது, வயருக்குள் போகிறதுக்கு இரும்பு என்ன, கருங்கல்லு என்ன? பில் போடுகிற கொம்பியூட்டருக்குப் போன வயரைக் கழற்றி வதனியின் கொம்பியூட்டரில் செருகச் சொன்னேன். பெட்டியை யன்னலில் இருந்து இறக்கி நிலத்தில் ஒரு தகரத்தின்மேல் வைத்தேன். அதன்மேல் அரைப் பரலைக் கவிழ்த்தேன். வயர்கள் மட்டும் விளிம்புக்குக் கீழால் வெளியே வந்தன.

"அப்பா, இது..." என்று தொடங்கினவள் திரையைப் பார்த்தாள். கல்லாக இருந்த மனிதர் கண்ணைச் சிமிட்டினார்.

அவள் கதைக்கத் தொடங்கினாள். ஆங்கிலம். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் தடக்காமல் போகிற மெசின் சத்தத்தைக் கேட்டாலே தெரியும் எனக்கு, அரிசி நல்லாய் விழுகிறது என்று.

கொஞ்ச நேரத்தில் தலைவர் ஓடி வந்தார். சால்வை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். "முதலாளி, எங்கட லைன் போயிட்டுது!" நான் வாசலை மறித்துக்கொண்டு நின்று வாயில் விரலை வைத்தேன். யன்னல் கட்டைப் பார்த்தார், வெறுமையாக இருந்தது. நிலத்தைப் பார்த்தார், பரல். அதற்கு வெளியே வயர். வதனி திரும்பியும் பார்க்கவில்லை.

"கனடாவில சனம் போனெடுத்துக் கத்துது. பரலைத் தூக்குங்கோ" என்றார் மெல்ல.

"இரண்டாவதைச் சொல்லும், தூக்கிறன்."

அவருடைய வாய் அசைந்தது. மென்று கொண்டிருந்ததை விழுங்கினார். சொல்லவில்லை. சொல்லாமலே திரும்பிப் போனார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

லவுட்ஸ்பீக்கர் கரகரத்தது. பாட்டு நின்று அவருடைய குரல் வந்தது.

"அன்பான சனங்களே, ஒரு சின்ன அறிவித்தல். பக்கத்து வீட்டில, செல்லில கால் இழந்த எங்கட பிள்ளை ஒண்டுக்கு இப்ப வேலைக்கு இன்டர்வியூ நடக்குது. அந்தப் பிள்ளையின்ரை எதிர்காலத்துக்காக, நான் என்ரை பேத்தியின்ரை லைவையே நிப்பாட்டச் சொல்லிப்போட்டன். கனடாச் சொந்தங்கள் மன்னிக்கவேணும்."

கை தட்டல். பந்தல் முழுக்கக் கை தட்டல். திரையில் இருந்த மனிதர் அது என்ன சத்தம் என்று கேட்டிருக்கவேண்டும், வதனி ஒரு கணம் நின்று, என்னவோ ஒரு சின்னப் பதில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள். அவளுடைய கழுத்து நரம்பு மட்டும் புடைத்து நின்றது.

வேலை கிடைத்தது. அவள் வாயால் கதைத்து, அவள் மூளையால் எடுத்த வேலை. ஆனால் என்னிடம் நெல் விற்க வந்தவர்கள் எல்லாம், "தலைவராலதான் மகளுக்கு வேலை கிடைச்சதாமே, பெரிய மனசு" என்றார்கள். நான் நடந்ததைச் சொன்னால், "அப்பிடிச் சொல்லாதேங்கோ முதலாளி, அந்த மனுசன் பேத்தியின்ரை விசேசத்தையே விட்டவர்" என்று எனக்கே புத்தி சொன்னார்கள். சில பேர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, நெல் நிறுக்கிற தராசையும் ஒருமுறை திரும்பப் பார்த்துக்கொண்டார்கள். லைன் கொம்பனிக்காரன் ஒருவழியாக வந்து பெட்டியை மாற்றினான். அதற்கும் ஊர் என்னைத்தான் திட்டியது, தலைவர் விட்ட லைனை முதலாளி பூட்டிப்போட்டான் என்று.

பிறகு தலைவர் கனடாவில் இருக்கிற மகனிடம் நிரந்தரமாகப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். பொதுநோக்கு மண்டபத்தில் பிரியாவிடை. கதிரைகள் என்னுடையவை, எனக்குத் தெரியாமல் போனவை. அவை முழுசாகத் திரும்பி வருகின்றனவா என்று பார்க்கத்தான் நான் போனேன். மனைவியும் வதனியும் வந்தார்கள்.

மாலைக்கு மேல் மாலை. கடைசியாக அவர் பேசினார். தறப்பாள், ஏணி, லைன் என்று எல்லாம் வந்தது, எல்லாம் "நாங்கள் குடுத்தனாங்கள்". பிறகு குரல் தழுதழுத்தது. "கால் இல்லாத ஒரு பிள்ளை இண்டைக்குக் கொழும்புக் கொம்பனிக்கு வேலை செய்யிறா. அந்தப் பிள்ளை இப்ப இந்தச் சபையில இருக்கிறா" என்று சொல்லிக் கையை நீட்டினார். எல்லாத் தலையும் திரும்பியது.

வதனி கை தட்டினாள். முதலில் தட்டியது அவள்தான். பலமாக, சிரித்த முகத்தோடு. அவள் தட்டியதும் மண்டபமே தட்டியது. தலைவர் நெஞ்சில் கையை வைத்துக் குனிந்தார், பேச்சு அதோடு முடிந்தது. நான் தட்டவில்லை.

லொறியில் வீட்டுக்குத் திரும்பும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"ஏன் பிள்ளை தட்டினனீ? அந்த மனுசனுக்கோ?"

அவள் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "தட்டாட்டி என்னை மேடைக்குக் கூப்பிட்டிருப்பார் அப்பா. நான் அந்தப் படியில இந்தக் காலோட ஏறுறதைப் பாத்து அவர் அழுதிருப்பார். பிறகு சனம் அவருக்கு இன்னும் தட்டியிருக்கும்."

நான் லொறியை ஓரங்கட்டினேன். கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, றோட்டில் காறித் துப்பினேன். அதன்பிறகுதான் கியரைப் போட முடிந்தது.